மாமன்றத்துக்கும் ஒரு தீர்மான நோட்டு உண்டு



எண்ணூரில் நம் குழு ஒன்றின் வாரக் கூட்டம். சந்தா வசூலித்து, உள்கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு உறுப்பினர் எழுந்து சொன்னார்: “நம்ம தெருவுக்குக் குடிதண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் ஒண்ணு வாங்கித் தர்றதா ஒரு கம்பெனியிலேர்ந்து வந்து பேசினாங்க. நம்ம குழுதான் முன்னால நிக்கணுமாம். கையெழுத்துப் போட்டுடலாமா?”

எல்லோருக்கும் சந்தோஷம். கருவாடு விற்கிற ஒரு அக்கா மட்டும் கையைக் காட்டினார். “கொஞ்சம் பொறுங்கம்மா. என் தங்கச்சி வாக்கப்பட்ட ஊர்ல இதே மாதிரி ஒண்ணு குடுத்தாங்க. ரிப்பன் வெட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க. ஆறு மாசத்துல மோட்டார் போயிடுச்சு. ஆபீஸ்ல கேட்டா ‘எங்க பதிவேட்டில அது இல்ல’ன்னாங்க. குடுத்தவங்கள கேட்டா ‘குடுத்தாச்சு, இனி உங்க பொறுப்பு’ன்னாங்க. இப்ப அதுல துணி காயப் போடுறாங்க.”

கூட்டத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஊக்குநர் கேட்டார்: “அப்போ நல்ல மனசோட குடுக்கிறதையும் முறையா வாங்கணும். மாநகராட்சி அதை எப்படி வாங்குது? வர்ற பணத்தை எப்படிப் பிரிக்குது? பட்ஜெட்டை யார் பாஸ் பண்றாங்க? நமக்கு யாருக்காவது தெரியுமா?”

யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடம் இது.

நம் குழுவும் மாமன்றமும்

பயப்பட வேண்டாம். குழு நடத்தத் தெரிந்த பெண்ணுக்கு மாநகராட்சிக் கணக்கு புரியாத விஷயம் இல்லை. நம் குழுவில் உறுப்பினர்கள் கூடி முடிவெடுக்கிறோம். மாநகராட்சியில் வார்டு உறுப்பினர்கள், அதாவது கவுன்சிலர்கள், கூடி முடிவெடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் மாமன்றம். நமக்குத் தீர்மான நோட்டு. அங்கேயும் தீர்மானங்கள் எண் போட்டுப் பதிவாகின்றன. நமக்கு ஊக்குநர், பிரதிநிதிகள். அங்கே மேயர், துணை மேயர். நமக்குக் கணக்கு எழுத ஒருவர். அங்கே ஆணையரும் அவருக்குக் கீழ் அதிகாரிகளும். நமக்கு வருடாந்திரத் தணிக்கை. அங்கே உள்ளாட்சி நிதித் தணிக்கை.

ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள். நோட்டில் தீர்மானம் எழுதாமல் நம் குழுவில் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. அங்கேயும் அப்படித்தான். தீர்மானமோ உரிய அனுமதியோ இல்லாமல் பணம் வரவும் கூடாது, போகவும் கூடாது.

சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி இதுதான். ஆனால் எண்ணூர் அதில் சேர்ந்தது 2011-இல்தான். அதற்கு முன் நமக்குக் கத்திவாக்கம் நகராட்சி இருந்தது. 2011-இல் கத்திவாக்கம், திருவொற்றியூர் உட்பட 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 200 வார்டு கொண்ட பெரிய மாநகராட்சி ஆக்கினார்கள். நாம் 1-ஆவது மண்டலமான திருவொற்றியூர் மண்டலத்தில் வந்தோம்.

இதில் லாபமும் உண்டு, கஷ்டமும் உண்டு. பெரிய மாநகராட்சியின் பெரிய நிதியில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் முன்பு கத்திவாக்கத்துக்கு நடந்து போய்க் கேட்டதை இப்போது ரயிலேறி சென்ட்ரல் பக்கம் ரிப்பன் மாளிகை வரை போய்க் கேட்க வேண்டியிருக்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். தூரம் கூடிவிட்டது என்பதால் முறை தெரிந்திருப்பது இன்னும் அவசியம்.

பணம் எத்தனை வழியில் வருது?

நம் வீட்டு வரவையே எடுத்துக்கொள்வோம். புருஷன் பெண்டாட்டி சம்பாத்தியம் ஒன்று. தாய் வீட்டுச் சீர் ஒன்று. வெளியில் வாங்கிய கடன் ஒன்று. விசேஷத்துக்கு வந்த மொய் ஒன்று. நாலும் பணம்தான். ஆனால் நாலுக்கும் கணக்கு வேறு வேறு. மாநகராட்சிக்கும் இதே நாலு வழிதான்.

1. சொந்த வருமானம். சொத்துவரி, தொழில்வரி, உரிமக் கட்டணம், கடை வாடகை போன்றவை. சொத்துவரி அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை கிடைக்கும் என்பது நடைமுறை. நம்மிடம் வாங்குவதில் எல்லாமே மாநகராட்சிக்குச் சொந்தம் இல்லை. சொத்துவரியோடு வசூலாகும் நூலக வரி பொது நூலகத் துறைக்குப் போக வேண்டியது. “வாடகைக்கு இருக்கோம், நாம எங்க வரி கட்டுறோம்?” என்று நினைக்காதீர்கள். நாம் கொடுக்கும் வாடகைக்குள்ளே வீட்டுக்காரர் கட்டும் வரியும் இருக்கு.

2. மானியம். இதுதான் தாய் வீட்டுச் சீர். மத்திய நிதிக்குழு வழியாகவும் மாநில நிதிக்குழு வழியாகவும் வருவது. 1993-இல் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம்தான், மாநில வருமானத்தில் உள்ளாட்சிகளுக்குப் பங்கு எவ்வளவு என்று ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை குழு போட்டுப் பார்க்கச் சொன்னது.

மானியத்தில் இரண்டு வகை. ஒன்று, எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்று வருவது. இன்னொன்று, இன்னதற்குத்தான் என்று கட்டி வருவது. பொண்ணுக்குக் கட்டில் பீரோ வாங்கக் கொடுத்த பணத்தை எடுத்து மாப்பிள்ளை வண்டி வாங்கினால் சண்டை வராதா? அதே கதைதான். உதாரணமாக 15-ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்குத் தந்த மானியத்தை இரண்டாகப் பிரித்தது. சுமார் மூன்றில் ஒரு பங்கு காற்று மாசைக் குறைக்க. மீதி குடிநீர், கழிவுநீர், குப்பை மேலாண்மைக்கு. காற்றுக்கு வந்த பணத்தைக் கல்யாண மண்டபம் கட்ட எடுக்க முடியாது. சாம்பலும் புகையும் பார்த்து வளர்ந்த எண்ணூர்க்காரர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

3. கடன். வடசென்னையில் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதி மழைநீர் வடிகால் திட்டம் சுமார் 3,220 கோடி ரூபாய் மதிப்பில் எடுக்கப்பட்டது. திருவொற்றியூர், மணலி உள்ளிட்ட மண்டலங்களுக்கான திட்டம் இது. இதற்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. கடன் என்றால் யாரோ ஒருவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அது பொதுப் பணத்தில் இருந்துதான் போகும். நம் குழுக் கடனில் மாடு வாங்கினால் மாடு இருக்கா என்று பார்க்கிறோம் இல்லையா? அதுபோல் வடிகால் சரியாகக் கட்டியிருக்கா, தண்ணீர் ஓடுதா என்று பார்ப்பதும் நம் உரிமை.

4. நன்கொடை. இதுதான் மொய். தனி ஆள் தரலாம், சங்கம் தரலாம், கம்பெனி தரலாம். இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

பட்ஜெட் பாஸ் ஆவது எப்படி?

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குது. அதற்குப் பல மாதம் முன்பே வேலை ஆரம்பம். ஒவ்வொரு துறையும், சாலை, தெருவிளக்கு, குப்பை, கல்வி, சுகாதாரம், பூங்கா என்று, “எங்களுக்கு இவ்வளவு வேணும்” என்று எழுதித் தரும். நிதிப் பிரிவு வரவையும் செலவையும் ஒட்டிப் பார்க்கும். பிறகு ஆணையர் வழியாக நிலைக்குழுவுக்குப் போகும்.

நிலைக்குழு என்றால் கவுன்சிலர்களில் இருந்தே தேர்ந்தெடுத்த சிறிய குழு. கணக்கு, கல்வி, பொது சுகாதாரம், வரிவிதிப்பு மற்றும் நிதி, நகரமைப்பு, பணிகள் என்று ஆறு உண்டு. பட்ஜெட் போவது வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழுவுக்கு. அதன் பிறகு மாமன்றத்தில் பட்ஜெட்டைத் தாக்கல் செய்வார்கள். கவுன்சிலர்கள் விவாதம் செய்வார்கள். எங்கள் வார்டுக்கு இது விட்டுப்போச்சு என்பார்கள். கடைசியில் தீர்மானமாக நிறைவேறும்.

பட்ஜெட் புத்தகத்தில் இரண்டு எண் பார்க்கலாம். ஒன்று, நடப்பு ஆண்டுக்கான திருத்திய மதிப்பீடு. இன்னொன்று, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. போன வருஷம் ஒரு வேலைக்குப் பெரிய தொகை சொல்லிவிட்டு, திருத்திய மதிப்பீட்டில் அது சுருங்கியிருந்தால், அந்த வேலை நடக்கவில்லை அல்லது தள்ளிப் போனது என்று அர்த்தம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி பட்ஜெட் புரிந்துவிட்டது.

2025-26-ஆம் ஆண்டுக்கான சென்னை மாநகராட்சி பட்ஜெட் ஐயாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் செலவு வரவை விடச் சற்றுக் கூடுதல். அதாவது பற்றாக்குறை. அதே பட்ஜெட்டில் ஒவ்வொரு கவுன்சிலருக்கும் தரும் வார்டு மேம்பாட்டு நிதி 50 லட்சத்தில் இருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. நம் தெருவின் சின்ன வேலைகளுக்கு முதலில் கேட்க வேண்டிய இடம் இந்த நிதிதான்.

இன்னொரு விஷயம். 2016 கடைசி முதல் 2022 தொடக்கம் வரை சென்னையில் தேர்ந்தெடுத்த மாமன்றமே இல்லை. அதிகாரிகளே பார்த்துக்கொண்டார்கள். தெருவில் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லாத அந்த ஆண்டுகள் நமக்கு ஞாபகம் இருக்கும். 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டப்படி நடந்த தேர்தல் அது. மார்ச் 4 அன்று வடசென்னையைச் சேர்ந்த ஆர். பிரியா மேயராகப் பதவியேற்றார். சென்னையின் முதல் தலித் பெண் மேயர் அவர். பாதி நாற்காலியில் பெண்கள் உட்கார்ந்த பிறகும், “கணக்கெல்லாம் ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க” என்று நாம் ஒதுங்கினால் எப்படி?

அம்மா உணவகம் சொல்லும் பாடம்

நம் குழுப் பெண்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி மலிவு விலை உணவகம் தொடங்கியது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சமைத்துப் பரிமாறியது சுய உதவிக் குழுப் பெண்கள். ஒரு ரூபாய்க்கு இட்லி போட முடியாது என்பது நமக்கே தெரியும். மீதிப் பணம் எங்கிருந்து வந்தது? மாநகராட்சி பட்ஜெட்டில் இருந்துதான். அந்தப் பெண்களின் தினக்கூலி 300 ரூபாயில் இருந்து 325 ஆக 2024-இல் உயர்ந்ததும் கணக்கில் எழுதி, அனுமதி பெற்றுத்தான்.

பட்ஜெட் என்பது எங்கோ ரிப்பன் மாளிகையில் நடக்கிற சமாச்சாரம் இல்லை. நம் தோழி வாங்கும் கூலி, நம் பிள்ளை படிக்கும் மாநகராட்சிப் பள்ளியின் கழிப்பறைக் கதவு, தெருமுனை விளக்கு, எல்லாம் அதில் ஒரு வரி. அந்த வரி இல்லை என்றால் அந்த விளக்கும் இல்லை.

ஒதுக்கியாச்சு, அப்புறம்?

“பட்ஜெட்டில சொன்னாங்களே, இன்னும் ரோடு வரலையே?” என்று கேட்கிறோம். ஒதுக்கீடு என்பது அரிசி வாங்கியது மாதிரி. சோறு ஆக இன்னும் வேலை இருக்கு.

முதலில் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். பிறகு நிர்வாக அனுமதி. தொகை சிறியதாக இருந்தால் அதிகாரி அளவிலேயே முடியும். கூடக் கூட மண்டலக் குழு, நிலைக்குழு, மாமன்றம் என்று மேலே போகும். அப்புறம் ஒப்பந்தப்புள்ளி. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கு விதி. பிறகு பணி ஆணை. வேலை நடக்க நடக்க அளவுப் புத்தகத்தில் அளந்து எழுதி, அதன்படி பில் பாஸ் ஆகும்.

ஆகவே “ரோடு எப்போ வரும்?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “மதிப்பீடு போட்டாச்சா? அனுமதி கிடைச்சாச்சா? டெண்டர் எந்தத் தேதி?” என்று படி படியாகக் கேளுங்கள். சரியான கேள்விக்குத்தான் சரியான பதில் வரும்.

கதவையும் சரியாகத் தட்ட வேண்டும். குடிநீர், பாதாளச் சாக்கடை என்றால் குடிநீர் வாரியம். மின்சாரம் என்றால் மின்வாரியம். தெருவிளக்கு, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், குப்பை, பூங்கா, பொதுக் கழிப்பறை என்றால் மாநகராட்சி. எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதி தனி.

மொய் நோட்டில் எழுதாத மொய்

இப்போது நன்கொடைக்கு வருவோம். மொய் வாங்கினால் நோட்டில் எழுதுகிறோம். ஏன்? நாளைக்கு யாரும் “குடுத்தேன், குடுக்கல” என்று பேசக்கூடாது என்பதற்காக. ஊருக்கு வரும் நன்கொடைக்கும் இதுவே நியாயம்.

கம்பெனிகள் தருவதில் ஒரு சட்டம் இருக்கு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். உதாரணத்துக்கு, ஓர் ஆண்டின் நிகர லாபம் 5 கோடி என்றால் அதற்கு அடுத்த ஆண்டு இந்த விதிக்குள் வந்துவிடும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறை. தாங்கள் தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்லுது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் முழுக்கத் தொழிற்சாலைகள். ஆகவே இது பிச்சையும் இல்லை, தயவும் இல்லை. அதேசமயம் எந்த வேலைக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்வது அந்த நிறுவனம்தான். எங்களுக்கு இதுதான் வேணும் என்று மக்கள் எழுதிக் கேட்டால்தான் அவர்களுக்கும் தெரியும்.

மக்களே பங்கு போடும் வழியும் உண்டு. ‘நமக்கு நாமே’ திட்டம் 1990-களில் தொடங்கி, 2021-இல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் வந்தது. பொதுவான பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்களோ சங்கமோ நிறுவனமோ தந்தால் மீதியை அரசு போடும். நீர்நிலை சீரமைப்பு என்றால் மக்கள் பங்கு பாதி.

எந்த வழியில் வந்தாலும், பொது இடத்தில் ஒரு பொருள் வைக்கும் முன் நாலு விஷயம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஒன்று: தருபவர் எழுத்தில் தரும் கடிதம். என்ன பொருள், என்ன மதிப்பு, என்ன நிபந்தனை.

இரண்டு: மாநகராட்சியின் அனுமதி அல்லது தீர்மானம். அதன் எண்ணும் தேதியும். இடம் மாநகராட்சியுடையது இல்லை என்றால், யாருடைய இடமோ அவர்கள் அனுமதியும் வேண்டும்.

மூன்று: சொத்துப் பதிவேட்டில் பதிவு. பதிவேட்டில் ஏறாத பொருள் அனாதைப் பிள்ளை மாதிரி. அதற்குப் பழுது பார்க்க யாரும் பணம் ஒதுக்க முடியாது.

நான்கு: பராமரிப்பு யாருடையது? மின் கட்டணம் யார் கட்டுவது? எத்தனை வருஷம்? இது பெயரோடு எழுதப்பட வேண்டும்.

கருவாட்டு அக்காவின் தங்கை ஊரில் நடந்தது இதுதான். மனசு இருந்தது, மெஷின் இருந்தது, ரிப்பன் இருந்தது. மூன்றாவதும் நான்காவதும் இல்லை.

பேச நமக்கு இடம் எங்கே?

தமிழ்நாட்டில் 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. கிராமசபை போல நகரத்திலும் மக்கள் கூட வேண்டும் என்பது நோக்கம். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் போகலாம், பேசலாம். குழுவாகப் போங்கள். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பட்ஜெட்டுக்கு ஆலோசனை சொல்ல நல்ல நேரம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மார்ச்சில் போய்க் கேட்டால் இலை போட்ட பிறகு உலை வைக்கச் சொன்ன கதை.

பதில் கிடைக்கவில்லையா? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. 10 ரூபாய் கட்டணம். 30 நாளுக்குள் பதில். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சான்று காட்டினால் கட்டணம் இல்லை.

மற்ற ஊர்களில் மக்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல் தெருத் தெருவாக மக்கள் கூடி, எந்த வேலை முதலில் என்று பட்ஜெட்டுக்குச் சொன்னார்கள். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் வந்தது. புனே மாநகராட்சி 2006-இல் வார்டு மக்களிடம் படிவம் கொடுத்து வேலைகளைக் கேட்டது. அங்கெல்லாம் கேட்டவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள்தான்.

குழு என்ன முடிவு செய்தது?

அடுத்த வாரம் குழு மறுபடி கூடியது. வாக்குவாதம் இல்லாமல் இல்லை. ஒரு சின்னப் பெண் கேட்டாள்: “அக்கா, நாம இவ்ளோ காகிதம் கேட்டா அவங்க வேற தெருவுக்குக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. கேன் தண்ணி வாங்கியே என் கூலி கரையுது.”

அதுவும் நியாயம்தான். கருவாட்டு அக்கா பொறுமையாகச் சொன்னார்: “போனா போகட்டும்னு நான் சொல்லலம்மா. உன் கஷ்டம் எனக்கும் இருக்கு. ஆனா ஆறு மாசம் தண்ணி குடிச்சிட்டு அப்புறம் துணி காயப் போடுறதுக்கு மெஷின் எதுக்கு? கேட்டுப் பார்ப்போம். கேக்குறதுல என்ன குறைஞ்சிடும்?”

கடைசியில் தீர்மான நோட்டில் இப்படி எழுதினார்கள்: நன்கொடையை நன்றியோடு வரவேற்பது, நாலு காகிதமும் வந்த பிறகே குழு கையெழுத்திடுவது, கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் கொடுக்க இரண்டு பேரை அனுப்புவது, அவர்கள் பஸ் செலவைக் குழுக் கணக்கில் எழுதுவது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கேள்வி கேட்ட சின்னப் பெண்ணே மண்டல அலுவலகத்துக்குப் போகிறேன் என்றாள்.

மெஷின் வருமா என்பது இனிமேல்தான் தெரியும். வந்தால், பழுதானால் யாரைக் கேட்பது என்பது அந்தத் தெருவுக்கு இப்போதே தெரியும்.

உங்கள் குழுவில் பேசுங்கள்

1. நம் வார்டு எண் என்ன? கவுன்சிலர் யார்? கடைசியாக எப்போது அவரைப் பார்த்தோம்?

2. நம் தெருவில் நன்கொடையாக வந்து பாழாய்க் கிடக்கும் பொருள் ஏதாவது உண்டா? அது யார் பதிவேட்டில் இருக்கு?

3. அடுத்த பட்ஜெட்டுக்கு நம் தெருவின் முதல் தேவை என்ன? ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் எழுதுங்கள்.

4. அந்தத் தேவைக்கு நாலு வழியில் எந்த வழிப் பணம் பொருந்தும்?

தீர்மானத்தின் நகலைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். பத்துக் குழுவின் தேவை ஒன்றாக இருந்தால், பத்துக் குழுவும் சேர்ந்தே போய்க் கேட்போம்.